தானியங்கிக் கியரில் மின்காந்தச் சுருள்: குறை அறிதலும் நீக்குதலும்

சில ஆண்டுகட்கு முன்னர், புது டில்லி இராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் எம் அலுவலக நண்பர் ஒருவரின் கார் ஒரு விந்தையான குறையைக் காட்டலாயிற்று. காலையில் அலுவலகம் செல்லுங்கால் அது செவ்வையாக ஓடும். மே மாதத்துப் பிற்பகலில் வீடு திரும்பும்போதோ, சிவப்பு விளக்கில் நின்று புறப்பட்டால் பாரவண்டி இழுக்கும் மாடு போல் சோர்ந்து நகரும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் முனகும். முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த பின்னர், மறுநாட் காலையில் குறை மறைந்திருக்கும். வண்டியைப் பார்த்த பட்டறையினர், கியர்ப் பெட்டியைக் கழற்றி முழுவதும் பழுது பார்த்தல் வேண்டும் என்றனர். அவர்கள் கேட்ட தொகை நண்பரின் இரண்டு மாதச் சம்பளத்தை விஞ்சியது.

அக்கார் பின்னர் எவ்வாறு சீராயிற்று என்பதை இக்கட்டுரையில் உரிய இடத்தில் காண்போம். தானியங்கிக் கியர்ப் பெட்டியில் மின்காந்தச் சுருளின் தொழில் யாது, அது கெட்டது என்று எப்பொழுது முடிவு செய்யலாம், எவ்வொழுங்கில் சோதிக்க வேண்டும் என்பவற்றைக் களப்பணியாளர்கட்கும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கட்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கியர் தானே மாறுவது எவ்வாறு?

சாதாரணக் காரில் ஓட்டுநர் இடக்காலால் கிளச்சை அழுத்திக் கையால் கியரை மாற்றுகிறார். தானியங்கிக் காரில் இவ்விரு வேலைகளும் எண்ணெயின் அழுத்தத்தால் நடைபெறுகின்றன. இத்தகைய கியர்ப் பெட்டி புதிதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டிலேயே ‘ஹைட்ராமாட்டிக்’ என்னும் தானியங்கிப் பெட்டியை வெளியிட்டு, ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தியது. நம் நாட்டில் அது நெடுங்காலம் செல்வர்களின் வண்டியிலேயே காணப்பட்டது. 2010ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டி டில்லியில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் தானியங்கிக் கியரைப் பொதுமக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் வண்டிக்குள் கொணர்ந்தன. இன்று நடுத்தரக் குடும்பத்தினரும் இவ்வகைக் கார்களை வாங்குகின்றனர். ஆதலின் இவற்றின் பழுதும் சிற்றூர்ப் பட்டறை வரை வந்துவிட்டது.

பெட்டியின் உட்பகுதியை மூன்று கூறுகளாகக் கொள்ளலாம். முதலாவது, டார்க் கன்வர்ட்டர் எனப்படும் முறுக்கு மாற்றி. இஃது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்ப் பெட்டிக்குச் செலுத்துகிறது. இரண்டாவது, கோள்வடிவக் கியர்த் தொகுதிகளும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் கிளச்சுத் தட்டுகளும், பட்டை பிரேக்குகளும். எந்தக் கிளச்சு பிடிக்கிறது, எது விடுகிறது என்பதைப் பொறுத்தே கியர் அமைகிறது. மூன்றாவது, வால்வுத் தட்டு. குறுகலான எண்ணெய்ப் பாதைகள் பலவும் சிறு வால்வுகளும் நிறைந்த இவ்வலுமினியத் தட்டு, ஊருக்கு நீர் பங்கிடும் மதகுகளின் தொகுதி போன்றது. பம்பு தரும் எண்ணெய் எந்தக் கிளச்சிற்குச் செல்ல வேண்டும் என்பதை இதுவே நிர்ணயிக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இவ்வெண்ணெயின் அழுத்தம் பல கார்களில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோகிராம் அளவில் இருக்கும். பாரம் மிகும்போது 10 கிலோகிராமுக்கு மேலும் உயரும்.

பழைய பெட்டிகளில் இம்மதகுகளை வேகத்திற்கும் பாரத்திற்கும் ஏற்ப எண்ணெயழுத்தமே திறந்து மூடியது. பின்னர் வந்த பெட்டிகளில் அவ்வேலையை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்றுக்கொண்டது. வண்டியின் வேகம், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கப்பட்ட அளவு, எண்ணெயின் வெப்பம் முதலியவற்றை உணர்விகளின் மூலம் அறிந்து, அது கட்டளை இடுகிறது. மின்சாரக் கட்டளையை எண்ணெயின் ஓட்டமாக மாற்றும் கருவியே மின்காந்தச் சுருள் வால்வு. பட்டறைகளில் இதனைச் சோலனாய்டு என்பர்.

சுருளின் தொழில்

மென்மையான இரும்பின் மீது செப்புக் கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்தினால் இரும்பு காந்தமாகிறது. ஓட்டம் நின்றதும் காந்தத் தன்மை நீங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் 1825ஆம் ஆண்டில் செய்து காட்டிய மின்காந்தத்தின் தத்துவமே இது. கியர்ப் பெட்டியில் உள்ள சுருளின் நடுவே ஓர் இரும்புத் தண்டு உண்டு. மின்னோட்டம் பாயும்போது அது இழுக்கப்பட்டு எண்ணெய்த் துளையைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. ஓட்டம் நின்றதும் ஒரு சிறு வில்சுருள் அதனைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது.

இச்சுருள்கள் இரு வகைப்படும். திறத்தல், மூடுதல் என்னும் இரு நிலைகளை மட்டுமே உடையவை முதல் வகை. கியர் மாற்றுவதற்கு இவையே பெரும்பாலும் பயன்படுகின்றன. மின்னோட்டத்தின் அளவிற்கேற்பத் துளையைச் சிறிது சிறிதாகத் திறந்து எண்ணெயழுத்தத்தைச் சீர்ப்படுத்துபவை இரண்டாம் வகை. பல கார்களில் முதல் வகையின் மின்தடை 11 முதல் 15 ஓம் வரையிலும், இரண்டாம் வகையின் தடை 5 ஓம் அளவிலும் இருக்கும். வேறு அளவுகளும் உண்டு. ஆகவே அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் காணும் அளவையே உரைகல்லாகக் கொள்ளல் வேண்டும்.

இரண்டு சுருள்கள், நான்கு கியர்கள்

நான்கு கியர் உள்ள பல பெட்டிகளில் கியர் மாற்றுவதற்கு இரண்டு சுருள்களே உள்ளன. இரண்டு ஸ்விட்சுகளைக் கொண்டு நான்கு நிலைகளை உண்டாக்கலாம் அன்றோ? அவ்விதமே இங்கும் நிகழ்கிறது. பரவலாக வழங்கும் ஓர் ஒழுங்கு வருமாறு:

முதல் கியர்: முதற் சுருளில் ஓட்டம் உண்டு, இரண்டாஞ் சுருளில் இல்லை.
இரண்டாம் கியர்: இரண்டிலும் ஓட்டம் உண்டு.
மூன்றாம் கியர்: முதற் சுருளில் இல்லை, இரண்டாஞ் சுருளில் உண்டு.
நான்காம் கியர்: இரண்டிலும் ஓட்டம் இல்லை.

இவ்வொழுங்கை அறிந்தவர், பெட்டியைத் திறவாமலேயே குறையை ஊகித்தறிய இயலும். முதற் சுருள் செயலற்றுவிட்டது என்று கொள்வோம். முதல் கியருக்குரிய கட்டளை பிறக்கும்போது இரண்டு சுருள்களுமே ஓட்டமற்று இருக்கும். அஃதாவது நான்காம் கியர் அமையும். இரண்டாம் கியருக்குரிய கட்டளையில் இரண்டாஞ் சுருள் மட்டும் இயங்குமாதலால் மூன்றாம் கியர் அமையும். மூன்றும் நான்கும் மாறுதலின்றி இருக்கும். ஆகவே வண்டி நான்கு, மூன்று, மூன்று, நான்கு என்னும் ஒழுங்கில் ஓடும். நின்ற நிலையிலிருந்து நான்காம் கியரில் புறப்படும் வண்டி சோர்வதில் வியப்பில்லை.

இரண்டாஞ் சுருள் செயலற்றால் ஒழுங்கு வேறாகும். முதல் கியர் செவ்வனே அமையும். இரண்டாம் கியருக்குரிய கட்டளையிலும் முதல் கியரே நீடிக்கும். மூன்றாவதற்குரிய கட்டளையில் நான்காவது அமையும். புறப்பாடு நன்றாயிருந்து, பின்னர் எஞ்சின் வெகுவாக இரைந்து, திடீரென்று இரைச்சல் அடங்கி வண்டி தொய்ந்துவிடும். இவ்விரு குறைகளையும் ஓட்டிப் பார்த்தே வேறுபடுத்தலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சுருளின் மின்சுற்றில் குறை கண்டவுடன் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே ஒரு மாற்று ஒழுங்கைக் கையாளும். பல கார்களில் அது எல்லாச் சுருள்களுக்கும் ஓட்டத்தை நிறுத்தி, ஒரே கியரில் வண்டியை வீடு சேர்க்க முயலும். ஆகவே மேற்கூறிய ஒழுங்குகள், மின்சுற்று நன்றாயிருந்து வால்வு மட்டும் அழுக்கால் சிக்கிக்கொண்டிருக்கும் போதுதான் மிகத் தெளிவாகப் புலப்படும்.

சோதனையின் ஒழுங்கு

சோதனை எப்பொழுதும் எளியதிலிருந்து அரியதற்கும், செலவற்றதிலிருந்து செலவுள்ளதற்கும் செல்லுதல் வேண்டும். பின்வரும் ஐந்து படிகளை இவ்வரிசையிலேயே கடைப்பிடித்தல் நலம்.

முதற் படி: எண்ணெய். அளவுகோல் உள்ள பெட்டியாயின், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் சூடேறிய பின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், கைப்பிடியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி மீண்டும் நிறுத்து நிலைக்குக் கொணர்ந்து அளக்க வேண்டும். அளவுகோல் இல்லாத பெட்டிகளில், எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது வழிவுத் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருப்பின் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். அப்போது சுருள் செவ்வையாக இயங்கினும் கியர் நழுவும். எண்ணெயின் நிறமும் மணமும் பல செய்திகளைக் கூறும். கருகிய நெடி கிளச்சுத் தட்டின் தேய்வைக் காட்டும். பால் போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என்று அறிக. 2023ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் டில்லியில் யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டரை விஞ்சியது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இச்சோதனையைத் தவறவிடலாகாது. தவறான வகை எண்ணெய் ஊற்றப்பட்டுள்ளதா என்பதையும் உடைமையாளரிடம் விசாரித்தறிதல் வேண்டும்.

இரண்டாம் படி: பாட்டரி. பாட்டரி தளர்ந்திருப்பினும், அதன் முனைகளில் வெண்பூ பூத்திருப்பினும், எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் தரைக்கம்பி துருவேறியிருப்பினும் சுருளுக்குப் போதிய மின்னழுத்தம் கிட்டாது. எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காணப்படும். இதனை முதலில் உறுதி செய்யாமல் பிறவற்றைச் சோதிப்பது வீண்.

மூன்றாம் படி: குறைக் குறியீடு. இக்காலத்துக் கார்களில் ஓட்டுநரின் முன்பலகைக்குக் கீழே 16 முனைகளைக் கொண்ட ஒரு செருகுவாய் உண்டு. அதில் ஸ்கேனரை இணைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி குறித்து வைத்துள்ள குறைகளைப் படிக்கலாம். பி 0700 என்பது கியர்ப் பெட்டியின் கட்டுப்பாட்டில் குறை உண்டு என்று மட்டுமே கூறும் பொது அறிவிப்பு. பி 0751 முதற் சுருளின் வால்வு திறவாமல் சிக்கியதையும், பி 0752 அது மூடாமல் சிக்கியதையும், பி 0753 அதன் மின்சுற்றில் உள்ள குறையையும் குறிக்கும். இரண்டாஞ் சுருளுக்கு இவற்றிற்கு நேராக 0756, 0757, 0758 என்னும் எண்கள் வழங்குகின்றன.

இக்குறியீடுகளைப் படிக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ‘முதற் சுருளின் மின்சுற்று’ என்று காட்டினால், உடனே ‘முதற் சுருள் கெட்டது’ என்று பொருள் கொள்கின்றனர். மின்சுற்று என்பது கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒயர், இணைப்பான், சுருள், தரை இணைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததாகும். இவ்வைந்தில் ஒன்றே சுருள். எம் நண்பரின் காரிலும் பி 0753 என்னும் குறியீடே இருந்தது. பட்டறையினர் அதனைப் படித்தவுடன் பெட்டியைக் கழற்றப் புறப்பட்டதே அவர்கள் செய்த தவறு.

நான்காம் படி: ஒயரும் இணைப்பானும். கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஒயர்த் தொகுதி வந்து சேரும் இணைப்பான் சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் அமைந்துள்ளது. மழைக்காலத்தில் சுரங்கப் பாதைகளில் தேங்கும் நீரின் வழியே சென்ற வண்டிகளில், ரப்பர் உறை தளர்ந்திருப்பின், உள்ளே ஈரம் புகுந்து பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படியும். எலி கடித்த ஒயரும் அரிதன்று. சாவியை நிறுத்தி, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே இணைப்பானைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: சுருளின் தடை. பிரித்த இணைப்பானின் பெட்டிப் பக்கத்து முனைகளில் மல்டிமீட்டரை வைத்துத் தடையை அளக்கலாம். இதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டுவதில்லை. ஒற்றை ஒயர் உள்ள சுருளாயின், மீட்டரின் மறுமுனையைக் கியர்ப் பெட்டியின் உலோக உடலில் வைக்க வேண்டும். அளவு எல்லையற்றுக் காட்டினால் கம்பி அறுந்துள்ளது. பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. கையேட்டில் உள்ள அளவோடு பொருந்தினால், சுருளின் கம்பி நலமாயுள்ளது. எனினும் வால்வு அழுக்கால் சிக்கியிருக்கலாம். அதனை மின்தடை காட்டாது.

வெப்பமும் மின்தடையும்

குளிர்ந்த வண்டியில் மட்டும் தடையை அளந்துவிட்டு, சுருள் நலம் என்று தீர்மானிப்பதும் தவறாகக் கூடும். செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. 20 பாகையில் 13 ஓம் உள்ள சுருள், எண்ணெய் 90 பாகைக்குச் சூடேறியபோது எவ்வளவு காட்டும்? வெப்ப உயர்வு 70 பாகை. ஆகவே தடை 27 விழுக்காடு மிகுந்து, சுமார் 16.5 ஓம் ஆகும்.

கணக்கின் எளிமைக்காக மின்னழுத்தத்தை 12 வோல்ட் என்று கொண்டால், குளிர்ந்த சுருளில் 0.92 ஆம்பியர் பாயும். சூடான சுருளில் 0.73 ஆம்பியரே பாயும். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுமாதலால், சூடான நிலையில் இழுவிசை முன்னதில் சுமார் 62 விழுக்காடாகக் குறைகிறது. உற்பத்தியாளர்கள் இதனை எண்ணியே சுருளை அமைக்கின்றனர்; ஆகவே இக்குறைவு மட்டும் தீங்கு செய்யாது. ஆனால் இதனோடு வேறொரு தடை சேருமாயின் நிலைமை வேறாகும்.

நண்பரின் காரில் நிகழ்ந்தது இதுவே. வேறொரு மெக்கானிக், வண்டி சூடாயிருந்த வேளையில் இரண்டு இடங்களில் தடையை அளந்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்திலிருந்து அளந்தபோது மீட்டர் 21.5 ஓம் காட்டியது. கியர்ப் பெட்டியின் முனையிலேயே நேராக அளந்தபோது 16.5 ஓம் காட்டியது. சூடான சுருளுக்கு உரிய அளவு 16.5 ஓம் என்பதை மேலே கண்டோம். எஞ்சிய 5 ஓம் இரண்டிற்கும் இடையே, அஃதாவது ஒயரிலோ இணைப்பானிலோ மறைந்திருத்தல் வேண்டும். இணைப்பானைப் பிரித்துப் பார்த்ததில், முந்தைய மழைக்காலத்து ஈரத்தால் ஒரு முனை களிம்பேறித் தளர்ந்திருந்தது. குளிர்ந்த நிலையில் அது ஓரளவு பொருந்தி நின்றது. வெப்பத்தால் விரியும்போது தொடர்பு நலிந்தது. மொத்தத் தடை 21.5 ஓம் ஆனபோது மின்னோட்டம் 0.56 ஆம்பியராகவும், இழுவிசை குளிர்ந்த நிலையில் இருந்ததில் சுமார் 37 விழுக்காடாகவும் குறைந்துவிட்டன. அவ்வளவு வலுவிழந்த காந்தத்தால் வில்சுருளை வெல்ல இயலவில்லை. காலையில் குறை தோன்றாமல் பிற்பகலில் மட்டும் தோன்றியதன் காரணம் இதுவே.

முனையைத் துப்புரவு செய்து, தளர்ந்த ஊசியையும் ரப்பர் உறையையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. செலவு சில நூறு ரூபாய். கியர்ப் பெட்டி இடத்தைவிட்டு அசையவே இல்லை.

சுருளை மாற்ற வேண்டிய போது

மேற்கண்ட சோதனைகளால் சுருளே கெட்டது என்று தெளிந்தால் மாற்றத்தான் வேண்டும். பல கார்களில் சுருள்கள் எண்ணெய்த் தொட்டிக்குள், வால்வுத் தட்டின் மீது அமைந்துள்ளன. ஆகவே பெட்டி முழுவதையும் இறக்காமல் தொட்டியை மட்டும் கழற்றி அவற்றை அடையலாம்.

வண்டியைத் தூக்கும் ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி அதன் கீழே படுத்தல் ஒருபோதும் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்துச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பின்னரே பணி தொடங்க வேண்டும். சற்று முன் வரை ஓடிய வண்டியின் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். ஆறவிட்டே வடிக்க வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதல் தகாது. கழிவெண்ணெய் பெறும் உரிமம் உடையோரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

தொட்டியின் அடியில் உள்ள காந்தக் கட்டியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அதில் மெல்லிய கரும்பசை போன்ற இரும்புத் தூள் படிந்திருத்தல் இயல்பு. தகடுகளும் சிராய்களும் காணப்பட்டால் உள்ளுறுப்புகள் தேய்ந்துள்ளன. அந்நிலையில் சுருளை மட்டும் மாற்றிப் பயனில்லை. இந்த இரும்புத் தூளே காந்தச் சுருளால் கவரப்பட்டு அதன் சிறு வடிகட்டியையும் துளையையும் அடைக்கிறது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

கழற்றிய சுருள், திறத்தல் மூடுதல் வகையினதாயின், 12 வோல்ட்டை ஒரு கணம் கொடுத்துச் சோதிக்கலாம். ‘டிக்’ என்னும் ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். அழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் 5 ஓம் சுருளுக்கு இவ்விதம் பாட்டரியை நேராக இணைத்தல் கூடாது; அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தால் அது கருகிவிடும். கையேடு கூறும் சிறு விளக்கைத் தொடரில் வைத்தே சோதிக்க வேண்டும்.

புதிய சுருளின் ரப்பர் வளையத்தில் அதே கியர் எண்ணெயைத் தடவிப் பொருத்துக. கிரீஸ் தடவுதல் ஆகாது. வால்வுத் தட்டின் திருகாணிகள் நீளத்தில் வேறுபடலாம். எடுத்த இடத்திலேயே திரும்ப இடுவதற்கு ஓர் அட்டையில் படம் வரைந்து துளையிட்டு அவற்றைச் செருகி வைத்தல் நல்ல பழக்கம். அவற்றை இறுக்க வேண்டிய முறுக்கு மிகக் குறைவு. பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவே. கைப்பலத்தால் இறுக்கினால் அலுமினியத் தட்டு வளைந்து, இல்லாத குறை புதிதாய்ப் பிறக்கும். பின்னர் உரிய எண்ணெயை ஊற்றி, அளவைச் சரிபார்த்து, குறியீட்டை அழித்து, வண்டியைச் சூடேறும் வரை ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஒருமுறை குறியீட்டைப் படிக்க வேண்டும். சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புதிய சுருளின் இயல்பை ஸ்கேனர் மூலம் கற்பிக்கவும் வேண்டும்.

வேறு வகைப் பெட்டிகள்

மேற்கூறியவை முறுக்கு மாற்றியுள்ள பெட்டிகளைப் பற்றியன. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில் மாருதி சுசுகி செலேரியோ வெளியிடப்பட்டது முதல், ஏ.எம்.டி. எனப்படும் வேறொரு வகை நம் நாட்டில் பரவியது. இதில் இருப்பது சாதாரணக் கியர்ப் பெட்டியே. கிளச்சை அழுத்தும் காலின் வேலையையும், கியரை மாற்றும் கையின் வேலையையும் ஓர் இயக்கி செய்கிறது. எண்ணெயழுத்தத்தால் இயங்கும் இயக்கிகளில் இங்கும் மின்காந்தச் சுருள் வால்வுகள் உண்டு. ஆனால் மேலே கண்ட கியர் ஒழுங்குப் பட்டியல் இதற்குப் பொருந்தாது. மேலும், எஞ்சின் நின்ற பின்னரும் இதன் சேமிப்புக் கலத்தில் மிகுந்த அழுத்தம் தங்கியிருக்கும். அதனை முறைப்படி நீக்காமல் குழாயைத் தளர்த்துவது அபாயம். எனவே வண்டி எவ்வகையினது என்று அறிவதே முதல் கடமை.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பில் காட்டுவதற்குக் கார் தேவையில்லை. ஓர் இரும்பு ஆணியின் மீது மேலுறையிட்ட மெல்லிய செப்புக் கம்பியை நூறு சுற்றுகள் சுற்றி, ஒரு பாட்டரிக் கட்டையோடு இணைத்துக் குண்டூசிகளைத் தூக்கச் செய்க. பின்னர் அதே சுற்றில் ஒரு சிறு தடையைச் சேர்த்து, தூக்கும் ஊசிகளை மாணவர் எண்ணிப் பார்க்கட்டும். களிம்பேறிய இணைப்பான் செய்யும் தீங்கு அப்போது விளங்கும். நெடுநேரம் இணைத்து வைத்தால் கம்பி சூடேறுமாதலால் சில வினாடிகளிலேயே பிரித்துவிட வேண்டும்.

அடுத்து, இரண்டு ஸ்விட்சுகளையும் இரண்டு சிறு விளக்குகளையும் ஒரு பலகையில் பொருத்துக. விளக்கு எரிதலைச் சுருளில் ஓட்டம் உண்டு என்று கொண்டு, நான்கு கியர்களுக்குரிய நான்கு நிலைகளையும் மாணவர் அமைக்கட்டும். பின்னர் அவர்கள் அறியாதவாறு ஒரு விளக்கைத் தளர்த்திவிட்டு, எந்தச் சுருள் கெட்டது என்பதைக் கியர்களின் ஒழுங்கைக் கொண்டே கண்டுபிடிக்கச் சொல்லுக. மூன்று ஸ்விட்சுகள் இருப்பின் எத்தனை நிலைகள் அமையும் என்று வினவினால், எட்டு என்னும் விடையைச் சிறுவரும் தாமே கண்டடைவர்.

முடிவுரை

கியர்ப் பெட்டியின் பழுதில் செலவு மிகுவது பெரும்பாலும் உறுப்பின் விலையால் அன்று. காரணத்தை அறியுமுன் கழற்றுவதால் ஆகும். எண்ணெய், பாட்டரி, குறியீடு, இணைப்பான், சுருள் என்னும் வரிசையை மறவாது, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து, அளந்ததை ஏட்டில் குறித்து வைக்கும் பணியாளரிடம் வண்டியை நம்பி ஒப்படைக்கலாம். அத்தகைய பணியாளரை உருவாக்கும் பொறுப்பு ஆசிரியர்களைச் சார்ந்தது. ஒரு மீட்டரும் சிறிது பொறுமையும் ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருவாயைக் காத்ததை மேலே கண்டோம். இதனை மாணவர்கட்கு எடுத்துரைப்பின், ஓம் விதியைத் தேர்வுக்காக மட்டுமன்றித் தொழிலுக்காகவும் அவர்கள் நினைவில் வைத்திருப்பர்.